தம்பிக்கு, அந்த பிரைமர் போட்டோ பத்தி

தம்பி,

ஞாயித்துக்கெழம நீ அனுப்புன போட்டோவ மூணு நாளா எடுத்து எடுத்து பாத்துக்கிட்டு இருக்கேன். நீயே மருந்து ரொப்பி ரைஃபிள்ல சுட்ட தோட்டாவோட பித்தளை கேஸ், அதோட அடிப்பக்கம், நடுவுல பிரைமர், அதான் மருந்துக்கு நெருப்பு வைக்கிற சின்ன மூடி, ஓரத்துல வளைவே இல்லாம சப்பையா பரந்து கெடக்கு, அடியில பொறிச்ச எழுத்துக்கு பக்கத்துல பளபளன்னு ஒரு சின்ன வட்டத் தழும்பு வேற. கீழ நீ எழுதியிருக்க, "நொடிக்கு 100 அடி ஸ்பீடு கூட கெடச்சிடுச்சுப்பா, பிரைமர் லைட்டா ஃப்ளாட், ஆனா ஒண்ணும் ஆகல"ன்னு. அந்த ஒண்ணும் ஆகலங்கிறது தான் என்னைத் தூங்க விடல. போன்ல பேசலாம்னா உனக்கு ஆபீஸ் நேரம் எனக்கு நடு ராத்திரி, அதோட பேசுனா கோவத்துல ஏதாவது சொல்லிடுவேன்னு பயமாவும் இருக்கு, அதான் உக்காந்து டைப் பண்றேன், நீளமா போனாலும் முழுசா படிடா.

நீ செய்யுற வேலைய பாத்து எனக்கு பெருமைதான், அத மொதல்லயே சொல்லிடுறேன். 280 ஆக்லிங்கிற தோட்டா கேஸோட கழுத்த, அதான் புல்லட்ட புடிக்கிற எடத்த, 7 மில்லிமீட்டர் புல்லட்டுலேர்ந்து ஆறரைக்கு இறுக்கி, அதுக்குன்னு ரீமர்ங்கிற வெட்டுற கருவிக்கு டிராயிங் போட்டு, பேரல்ல தோட்டா உக்கார்ற சேம்பர வெட்ட வச்சு, ஆழம் சரியான்னு கோ நோ-கோ கேஜ் போட்டு பாத்து நீ அனுப்புன வீடியோவ நான் என் கூட வேல பாத்த டர்னர் ஒருத்தருக்கும் காட்டினேன். 31 வருஷம் டூல் ரூம்ல நின்னவன் புள்ள மொன்டானால போயி கேஜ் புடிக்கிறான்னு அவருக்கே சந்தோஷம்.

ஆனா வைல்ட்கேட்னா என்னன்னு நீதான எனக்கு சொல்லிக்குடுத்த. எந்த கம்பெனியும் அளவு நிர்ணயம் பண்ணாத தோட்டா. 280 ஆக்லியே ரொம்ப வருஷம் வைல்ட்கேட்டா கெடந்து 2007லதான் அமெரிக்காவுல ஸ்டாண்டர்ட் ஆச்சுன்ன. அந்த ஸ்டாண்டர்டுக்கு என்ன அர்த்தம்னு யோசி. லேப்ல ஒரு டெஸ்ட் பேரல மாட்டி, சேம்பர்ல சென்சார் வச்சு, உள்ள எவ்ளோ பிரஷர்னு அளந்து, இதுக்கு மேல போகாதன்னு ஒரு கோடு போட்டிருக்கான். அந்த கோடு 65,000 பிஎஸ்ஐ, நம்ம கார் டயர்ல இருக்குறது 32. உன் தோட்டாவுக்கு அந்த லேப் கெடையாது, அந்த கோடு கெடையாது, எவ்ளோ மருந்து போடலாம்னு சொல்ற லோடிங் புக்ல உனக்குன்னு ஒரு பக்கமும் கெடையாது. கம்ப்யூட்டர் சாப்ட்வேர் சொல்றது கணக்கு, அளவு இல்ல. மிச்சம் இருக்குறது உன் கண்ணும் அந்த பித்தளையும்தான்.

பித்தளை ரொம்ப லேட்டா பேசும் தம்பி. அந்த வட்டத் தழும்பு எப்படி வந்துச்சு? சேம்பர பின்னாலேர்ந்து மூடுற போல்ட்டோட முகத்துல, சுட்ட கேஸ வெளிய தள்ளுற எஜெக்டர் ஓட்டைக்குள்ள பித்தளை பிதுங்கிப் போயி திரும்பி வந்த அடையாளம் அது. கெட்டியான கேஸ் அடிப்பக்கமே வழியுற அளவுக்கு பிரஷர் போயிருக்கு, அதாவது நீ கோட்ட நெருங்கல, தாண்டிட்ட. பிரைமர் மட்டும் சப்பையா இருந்தா அது பிரைமரோட மெட்டல் மெல்லுசுன்னு கூட சொல்லலாம், ஹெட்ஸ்பேஸ், அதான் கேஸுக்கும் போல்ட்டுக்கும் நடுவுல இருக்குற இடைவெளி, கூடனாலும் அப்படி ஆகும், ஆனா ரெண்டும் சேந்து வந்தா சாக்கு சொல்ல எடமே இல்ல. போல்ட்ட தூக்க கொஞ்சம் டைட்டா இருந்துச்சான்னு கேட்டதுக்கு நீ பதிலே போடல, அதையும் கவனிச்சேன்.

உனக்கு நான் சொல்லாத ஒண்ணு இருக்கு. நீ ரெண்டாவது படிக்கும்போது நான் வேல பாத்த எடத்துல ஒரு வால்வ் பாடிய பிரஷர் டெஸ்ட் பண்ணோம். தண்ணிய ரொப்பி பண்ணனும், நேரம் இல்லன்னு காத்த ஏத்துனாங்க. கேஜ் முள்ளு ஒரு எடத்துல நின்னுடுச்சு, ஏறவே இல்ல, ஒண்ணும் ஆகலயே இன்னும் கொஞ்சம் ஏத்துன்னு சொன்னது வேற யாரும் இல்ல, நான்தான். பிளக் பிச்சிக்கிட்டு வந்துச்சு. எனக்கு பக்கத்துல நின்ன பையனுக்கு வலது கண்ணு போயிடுச்சு. அப்புறம் கழட்டி பாத்தா கேஜ்தான் சிக்கியிருந்திருக்கு, உள்ள பிரஷர் அது பாட்டுக்கு ஏறிக்கிட்டே இருந்திருக்கு. அந்தப் பையன் கல்யாணத்துக்கு நான் போகல, போக முடியல. உன் மெசேஜ்ல அதே வார்த்தைய பாத்தப்ப எனக்கு கையெல்லாம் வேர்த்துடுச்சு.

சரி, காரணத்துக்கு வர்றேன். பவுடர் கூடிப்போச்சுங்கிறது ஒரு பக்கம், எனக்கென்னவோ கழுத்து மேலதான் சந்தேகம். 7 மில்லிமீட்டர் புல்லட்னா நெசத்துல 7.21, ஆறரைன்னா 6.71, அரை மில்லிமீட்டர் நீ இறுக்குற. அந்த பித்தளை எங்க போகும்? கொஞ்சம் நீளத்துல போகும், கொஞ்சம் சுவர் தடிமன்ல போகும். தடிச்ச கழுத்துல புல்லட்ட சொருகினா வெளி விட்டம் ஏறிடும், அது சேம்பர் கழுத்துல உரசுற மாதிரி ஆயிட்டா சுடுறப்ப கழுத்து விரிய எடமில்லாம புல்லட்ட விடாது, கண்ண மூடி தொறக்குறதுக்குள்ள பிரஷர் எகிறிடும். நீளமும் அப்படித்தான், கழுத்து வாய் சேம்பர் முனையில போயி இடிச்சு புல்லட்ட கவ்வும். இதுக்கு பெரிய மெஷின் எல்லாம் வேணாம். சுட்ட கேஸ் ஒண்ண எடுத்து அதோட வாயில புது புல்லட்ட கையால விடு. தடையில்லாம தானா உள்ள விழணும். விழலன்னா பவுடர தொடவே தொடாத, மொதல்ல கழுத்த வெளிப்பக்கம் டர்ன் பண்ணி, அதான் சீவி மெல்லுசாக்கு. லோட் பண்ண ரவுண்டோட கழுத்த மைக்ரோமீட்டர்ல நாலு எடத்துல அள, வெர்னியர்ல இல்ல.

இன்னொன்னு, எத்தன தடவ அந்த கேஸ இறுக்கி விரிச்சு இறுக்கி விரிச்சு பண்ற? நம்ம பாத்திரப் பட்டறையில பாத்திருப்ப, கொஞ்சம் தட்டுவாங்க, நெருப்புல காட்டுவாங்க, திரும்ப தட்டுவாங்க, காட்டாம தட்டுனா விரிசல் விடும். கழுத்தையும் அதுக்கு கீழ சரியுற தோளையும் மட்டும் அனீல் பண்ணு, அதான் சூடு காட்டி இளக்கு, அடிப்பக்கம் சூடு ஏறவே கூடாது, அது இளகிட்டா அவ்ளோதான். அமோனியா கலந்த பாலிஷ் எதையும் கிட்ட சேக்காத. வெள்ளக்காரன் காலத்துல இந்தியாவுல பட்டாளத்து தோட்டாவ மழைக்காலத்துல குதிர லாயத்துல வச்சிருந்து, குதிர மூத்திரத்து அமோனியாவுல பித்தளை எல்லாம் தானா பொளந்துச்சாம். சீசன் கிராக்கிங்னு அதுக்கு பேரே மழை சீசன வச்சு வந்ததுதான், ட்ரெய்னிங்ல எங்க இன்ஸ்ட்ரக்டர் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கு.

நேத்து சாயங்காலம் தேவனாம்பட்டினம் பக்கம் நடந்தேன், செயின்ட் டேவிட் கோட்டை இடிஞ்சு கெடக்குற எடம் வரைக்கும். சின்ன வயசுல உன்ன குண்டு உப்பலவாடிக்கு சைக்கிள்ல கூட்டிட்டு போயி ஏன் குண்டுன்னு பேர் வந்துச்சுன்னு கதை சொன்னேனே. 1690ல செஞ்சியில இருந்த மராத்தியர்கிட்ட வெள்ளக்காரன் கோட்டைய வாங்குனப்போ, பீரங்கி குண்டு எவ்ளோ தூரம் போயி விழுதோ அது வரைக்கும் உள்ள ஊரெல்லாம் கிழக்கிந்தியக் கம்பெனிக்குன்னு பேச்சு, அப்படி சேந்த ஊருங்கதான் குண்டு கிராமங்க. மருந்த எப்படி போட்டா இன்னும் தூரம் போகும்னு அன்னிக்கே நம்ம ஊர்ல ஒருத்தன் மண்டைய ஒடச்சிக்கிட்டிருக்கான், இப்ப நீ ஒடச்சிக்கிற.

அதே கோட்டையிலதான் பெஞ்சமின் ராபின்ஸ் செத்தாரு, 1751 ஜூலை 29, காய்ச்சல்ல, 44 வயசு. இந்த ஆள பத்தி உனக்கு கண்டிப்பா சொல்லணும். துப்பாக்கி குண்டோட வேகத்த நெசமாவே அளந்து காட்டுனவரு. ஒரு மரக்கட்டைய ஊசல் மாதிரி தொங்க விட்டு அது மேல சுடுவாரு, கட்டை எவ்ளோ ஆடுதுன்னு பாத்து வேகத்த கணக்கு போடுவாரு, 1742ல புஸ்தகமே போட்டாரு. தள்ளித் தள்ளி வச்சு சுட்டு பாத்ததுல காத்து தடுக்குற அளவு அது வரைக்கும் எல்லாரும் நெனச்சத விட பல மடங்குன்னு தெரிஞ்சுது. குண்டு வேகத்த அளக்குற உன் ரேடார் குரோனோகிராஃபுக்கு தாத்தா அந்த மரக்கட்டைதான். அவரு சொன்னதுலேர்ந்து பாரு, பேரல் வாய்ல கூட்டுற வேகத்த காத்து போற வழியில தின்னுடும். நீ ஏத்துன 100 அடியில 600 மீட்டர்ல என்னடா மிஞ்சும்? அத விட நீளமான, காத்த நல்லா கிழிக்கிற புல்லட்ட போட்டு, அது நெலையா சுத்துற அளவுக்கு பேரல் ட்விஸ்ட், அதான் உள்ள இருக்குற முறுக்குக் கோடு, சரியா இருந்தா கேஸ கொடும பண்ணாமலே அந்த தூரத்துல ஜெயிக்கலாம். ஆறரைய நீ தேர்ந்தெடுத்ததே அதுக்குத்தான.

சூட்டையும் மறந்துட்ட. நீ சுட்ட அன்னிக்கு 4 டிகிரின்னு சொன்ன. குளிர்லயே தழும்பு விழுந்துச்சுன்னா ஜூலை வெயில்ல கார்ல கெடந்த ரவுண்ட எடுத்து சுட்டா என்ன ஆகும்? சூடு ஏறுனா பவுடர் வேகமா எரியும், கார்டைட்ங்கிற பழைய மருந்து காலத்துலேர்ந்தே தெரிஞ்ச விஷயம். 1911ல ரிக்பிங்கிற துப்பாக்கி கம்பெனி 416 தோட்டாவுக்கு அவ்ளோ பெரிய கேஸ் வச்சதே இந்தியா ஆப்பிரிக்கா வெயில்ல பிரஷர் ஏறினாலும் கேஸ் ஒட்டிக்காம சுலபமா வெளிய வரணும்னுதான். அவங்க வெயில மனசுல வச்சு வரைஞ்சாங்க, கடலூர்ல அக்னி நட்சத்திரத்துல வளந்த நீ மறக்கலாமா.

மூணு ரவுண்டு ஒரே ஓட்டையில போச்சுன்னு டார்கெட் போட்டோவும் அனுப்பியிருந்த. டூல் ரூம்ல மூணு பீஸ் அளந்து லாட்ட பாஸ் பண்ணா என்ன நடக்கும்னு உனக்கே தெரியும். வேற வேற நாள்ல, ஆறுன பேரல்ல, இருபது முப்பது ரவுண்டு சுட்டு எல்லாத்தையும் எழுது, மோசமா போனதையும் சேத்து.

அம்மாவுக்கு வேட்டையே புடிக்கல, உனக்கு தெரியும், நம்ம நாட்டுல 1972 சட்டத்துக்கு அப்புறம் அத பத்தி பேச்சே இல்ல. அங்க வேட்டைக்கு லைசென்ஸ், டேக்ங்கிற அனுமதிச் சீட்டு எல்லாம் முறையா வாங்கித்தான் போறான், கறிய வீணாக்க மாட்டான்னு நான் சொல்லிப் பாத்தேன். அவ ஒண்ணே ஒண்ணு கேட்டா, அது துடிக்குமான்னு. என்கிட்ட பதில் இல்ல. எல்க்னா பெரிய மான், முந்நூறு கிலோ உசுரு, குண்டு போயி சேர்றதுக்குள்ள ஒரு அடி எடுத்து வச்சாலே வயித்துல பட்டுடும். பேப்பர்ல எவ்ளோ தூரம் வேணா சுடு, உசுரு மேல சுடுற தூரத்த அதுல பாதியா வச்சுக்க. அம்மாவுக்கு அந்த பதில நீயே சொல்லு, நான் சொன்னா நம்ப மாட்டா.

அந்த அளவுல லோட் பண்ணி வச்சிருக்குற ரவுண்ட ஒண்ணு கூட சுடாத, மொத்தத்தையும் புல்லட்ட உருவுற புல்லர் வச்சு பிரிச்சிடு. அப்புறம் பவுடர் அளவுல நல்லா கீழ எறங்கி திரும்ப ஆரம்பி. ரீமர் டிராயிங்ல சேம்பர் கழுத்து அளவு, லோட் பண்ண ரவுண்டோட கழுத்து அளவு, கேஸ் நீளம், மூணையும் மில்லிமீட்டர்ல எனக்கு அனுப்பு. நான் பழைய நோட்ட எடுத்து வச்சுக்கிட்டு முழிச்சிருக்கேன், எந்நேரம் ஆனாலும் அனுப்பு.

அப்பா