கேமரா வாங்கிய மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நீ கேமரா வாங்கிவிட்டாய் என்று படித்ததும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஃபிலிம் சுருள் காலத்திலிருந்து ஆசைக்காகப் படம் எடுத்துக்கொண்டிருப்பவன் நான். வீட்டில் இன்னொருவருக்கும் அந்த ஆசை தொற்றியதில் இருக்கும் மகிழ்ச்சியே வேறு.

அடுத்து எந்த லென்ஸ் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு எதுவும் வேண்டாம் அம்மா. கேமராவோடு வந்த லென்ஸை 35 மில்லிமீட்டரில் நிறுத்திவிட்டு, ஜூம் வளையத்தைத் தொடாமல் கொஞ்ச காலம் எடு. பெரிதாகத் தெரிய வேண்டுமென்றால் நடந்து அருகில் போ. பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே பிரெஸ்ஸோன் தன் படங்களில் பெரும்பாலானவற்றை 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றிலேயே எடுத்தார்.

லென்ஸைவிட முக்கியம் வெளிச்சம். அதைப் பார்க்கப் பழக ஒரு வேலை சொல்கிறேன். வெயில் நேராக விழாத ஜன்னலோரத்தில் யாரையாவது உட்கார வைத்து, அறை விளக்கை அணைத்துவிடு. முகத்தை முதலில் ஜன்னலுக்கு நேராகவும், பிறகு மெல்ல மெல்லப் பக்கவாட்டிலும் திருப்பச் சொல். தொடக்கத்தில் இரண்டு கன்னங்களும் ஒரே மாதிரி இருக்கும். திரும்பத் திரும்ப, மூக்கின் நிழல் ஒரு பக்கமாக நீளும். ஓரிடத்தில் அது கன்னத்து நிழலோடு சேர்ந்துவிட, இருண்ட பக்கத்தில் கண்ணுக்குக் கீழே சிறு முக்கோணமாக மட்டும் வெளிச்சம் மிஞ்சும். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் வரைந்த முகங்களில் இதைப் பார்க்கலாம். இந்த ஒளியமைப்புக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. கண்மணியில் ஜன்னல் சின்ன வெள்ளைப் புள்ளியாகத் தெரிகிறதா என்றும் பார். அது இல்லாவிட்டால் பார்வையில் உயிர் இருக்காது. முதல் நாள் படம்கூட எடுக்க வேண்டாம், பார்த்தாலே போதும்.

இனி எண்கள். கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் வேகம், அதாவது ஒளி உள்ளே வர ஷட்டர் திறந்திருக்கும் நேரம், 1/60 நொடியைவிட நீள வேண்டாம். ஓடியாடும் குழந்தை என்றால் 1/500 வேண்டும். வெளிச்சம் போதவில்லையா, ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்ணைத் தயங்காமல் 3200 வரை ஏற்று. படத்தில் கொஞ்சம் மணல்மணலாகத் தெரியும், தெரியட்டும். ஆடிப்போன முகத்தை அதற்குப் பிறகு யாராலும் சரிசெய்ய முடியாது. லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளைதான் அபெர்ச்சர். அதில் எண் சிறியதானால் துளை பெரிது, பின்னணி மங்கும். பலரும் அந்த மங்கலில் மயங்கி எல்லாவற்றையும் அதிலேயே எடுக்கிறார்கள். மிக அருகில் எடுத்தால் ஒரு கண் தெளிவாகவும் மறு கண் மங்கலாகவும் வரும். ஆகவே ஃபோகஸ் எப்போதும் உனக்கு அருகில் இருக்கும் கண்ணில்தான்.

இன்னொன்று, இதை யாரும் சீக்கிரம் சொல்லித்தருவதில்லை. கேமராவின் ஒளிமானி, எதிரே இருப்பதெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொண்டுதான் கணக்குப் போடுகிறது. வெள்ளைச் சுவர் முன்னால் வெள்ளைச் சட்டைக்காரரை நிறுத்தினால் இரண்டும் அழுக்காகத் தெரிவது அதனால்தான். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் கேமராவில் இருக்கும் எக்ஸ்போஷர் திருத்தத்தை +1 வரை ஏற்றினால் வெள்ளை வெள்ளையாக வரும். கறுப்பு நிறைந்த காட்சிக்கு இதற்கு நேர்மாறாகக் குறைக்க வேண்டும். ஆனால் அளவுக்கு மீறி வெளுத்துப்போன இடத்தில் எந்த மென்பொருளாலும் விவரத்தை மீட்க முடியாது, கவனம்.

முடிந்தால், கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா (RAW) கோப்பாகவே சேமி. இரண்டு வெவ்வேறு இடங்களில் பிரதி வைத்த பிறகே கேமராவின் நினைவக அட்டையில் இருப்பதை அழி.

முன்பின் தெரியாதவர்களை அருகில் போய் எடுக்க நினைத்தால் முதலில் பேசு, கேட்டுக்கொண்டு எடு. வேண்டாம் என்றால் கேமராவைத் தாழ்த்திவிட்டு நன்றி சொல். இதில் மட்டும் அப்பா கண்டிப்பானவன்.

ஜன்னலோரத்தில் எடுத்தவற்றை எனக்கு அனுப்பு. நன்றாக வந்தவற்றை மட்டும் பொறுக்காதே, எல்லாவற்றையும் திருத்தாமல் அனுப்பு. கோப்போடு எண்களும் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் ஒவ்வொன்றாகப் பேசலாம்.

அன்புடன்,
அப்பா