மகனீசியத்தின் வலிமை எந்தத் திசையில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இதழில் பாரம் குறைந்த வாகனங்களைப் பற்றி வந்த அறிவியல் கட்டுரையை எங்கள் வீட்டில் எல்லோரும் படித்தோம். மகனீசியத்தைப் பற்றித் தமிழில் இவ்வளவு விரிவாக எழுதியது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. கன சென்ரிமீற்றருக்கு 1.74 கிராம் மட்டுமே உள்ள உலோகம் அது. அலுமினியம் 2.7, உருக்கு 7.8 அளவில். மின்சார முச்சக்கரவண்டிகளைப் பற்றிப் பேசும் இந்த நேரத்தில் அந்த வித்தியாசம் பெரியது.

ஆனால் கட்டுரையோடு வந்த அட்டவணையில், ஒவ்வொரு கலப்புலோகத்துக்கும் வலிமை என்று ஒரேயொரு எண்தான் போடப்பட்டிருந்தது. உலோகங்களைப் பற்றி மாணவர்களுக்குப் படிப்பிக்கிறவன் நான். மகனீசியத் தகட்டுக்கும் கோலுக்கும் அந்த ஒரு எண் போதவே போதாது. எந்தத் திசையில், இழுக்கும்போதா நெருக்கும்போதா என்று கேட்காமல் அதை நம்பி ஒரு பாகத்தைச் செய்தால், அதில் எப்போது வெடிப்பு விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

காரணம் பளிங்கமைப்பு, அதாவது உலோகத்தின் சிறு பளிங்குகளில் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதம். அலுமினியத்தின் அணுக்கள் கனசதுர ஒழுங்கில் இருக்கின்றன. உலோகம் உடையாமல் உருமாற அணு அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்க வேண்டும். அப்படி வழுக்க அங்கே பல தளங்களும் பல திசைகளும் உண்டு. மகனீசியத்தில் இருப்பது அறுகோண ஒழுங்கு. அந்த அறுகோணத்தின் அடித்தளத்துக்குச் சமாந்தரமான அடுக்குகள்தான் இலகுவாக வழுக்கும். மற்றத் தளங்களை அசைக்கப் பல மடங்கு தகைப்பு, அதாவது ஓரலகுப் பரப்பில் தாக்கும் விசை, வேண்டும். அடித்தளத்துக்குச் செங்குத்தாக நிற்கும் அச்சை நெடுவச்சு என்போம். சுமை அந்த நெடுவச்சுக்கு 45 பாகை சாய்ந்து வந்தால் அடித்தள வழுக்கல் உச்சத்தில் இருக்கும். நெடுவச்சு வழியாகவோ அதற்கு நேர் செங்குத்தாகவோ வந்தால் அது நடக்கவே நடக்காது. 1920களில் எரிச் ஷ்மிட் தனிப்பளிங்குகளை இழுத்துப் பார்த்துக் கண்ட விதி இது.

சரி, வழுக்க முடியாத பளிங்கு என்ன செய்யும்? அதன் நெடுவச்சு நீளும்படி சுமை வந்தால், பளிங்கின் ஒரு பகுதி ஏறக்குறைய 86 பாகை திரும்பிவிடுகிறது. இதை இரட்டைப்படல் என்கிறோம். அதே பளிங்கை நெடுவச்சு வழியாக நெருக்கினால் இது நடப்பதில்லை. இந்த ஒருதலைப்பட்சம்தான் எல்லாச் சிக்கலுக்கும் வேர்.

உருளைகளுக்கு இடையில் நசித்து எடுத்த மகனீசியத் தகட்டில், பெரும்பாலான பளிங்குகளின் நெடுவச்சு தகட்டின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும். துவாரத்தின் வழியே தள்ளி எடுத்த கோலிலோ நெடுவச்சுகள் கோலின் நீளத்துக்குக் குறுக்காகப் படுத்துக் கிடக்கும். அந்தக் கோலை நீளவாக்கில் நெருக்கினால் இரட்டைப்படல் உடனே தொடங்கிவிடும். அதனால் நெருக்கும்போது அது நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் தகைப்பு, இழுக்கும்போது உள்ளதில் கிட்டத்தட்டப் பாதியாகவே இருப்பதும் உண்டு. அட்டவணையில் எந்த எண்ணைப் போடுவது?

களைப்பு என்று வரும்போது விஷயம் இன்னும் கூர்மையாகிறது. ஒரே தடவையில் உடைக்கப் போதாத சுமை, இலட்சக்கணக்கான தடவை வந்து போய் வெடிப்பை உண்டாக்குவதைத்தான் உலோகக் களைப்பு என்கிறோம். கொழும்பின் காலி வீதியில் (Galle Road) தினமும் ஓடும் வண்டியின் சட்டத்துக்கு நேர்வது அதுதான். கோலை மாறி மாறி நெருக்கி இழுத்தால், நெருக்கும்போது பளிங்குகள் திரும்பும், இழுக்கும்போது பழைய நிலைக்கு மீளும். ஆனால் எல்லாமே மீளுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் மிச்சம் தங்கி, அந்த எல்லைகளில் தகைப்பு சேர்ந்து, அங்கேயே நுண்வெடிப்பு பிறக்கிறது. இன்னொன்றும் நடக்கிறது. நீட்சியையும் குறுக்கத்தையும் சம அளவில் வைத்தால்கூட, உள்ளே உருவாகும் தகைப்பு சமமாக இருப்பதில்லை. சராசரி இழுவைப் பக்கம் சாய்கிறது. வெடிப்பைத் திறந்து விரிப்பது இழுவை என்பதால் ஆயுள் குறைகிறது. சிறிய சுமையில் இரட்டைப்படல் பெரிதாக வராது. அப்போது அடித்தள வழுக்கல் பட்டைகளில்தான் வெடிப்பு தொடங்கும். ஆக, எங்கே தொடங்கும், எந்த வழியில் போகும் என்பது சுமையின் அளவிலும் பளிங்கு நிற்கும் திசையிலும் தங்கியிருக்கிறது. தச்சர் பலகையை எடுத்ததும் நார் ஓடும் பக்கத்தைப் பார்ப்பதைப் போல, மகனீசியத் தகட்டை வெட்டுமுன் அது உருட்டப்பட்ட திசையைப் பார்க்க வேண்டும்.

வார்ப்புகளின் கதை வேறு. பழைய வொக்ஸ்வாகன் பீட்டிலின் எஞ்சின் உறை மகனீசிய வார்ப்புத்தான். வார்ப்பில் பளிங்குகள் பெரும்பாலும் ஒழுங்கின்றி எல்லாப் பக்கமும் பார்த்தபடி இருக்கும். வெடிப்பு பெரும்பாலும் வார்ப்பின் நுண்துளைகளில் தொடங்கும்.

கொழும்பில் இருக்கும் நாம் கடற்காற்றையும் மறக்கக் கூடாது. உப்பு ஈரம் மகனீசியத்தை அரித்துக் குழி போடும். குழியிலிருந்து வெடிப்பு இன்னும் சீக்கிரம் கிளம்பும். உலர்ந்த ஆய்வுகூடத்தில் எடுத்த களைப்பு எண்ணை வெள்ளவத்தைக் கரைக்கு அப்படியே கொண்டுவர முடியாது. இதற்காக அந்த உலோகமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இற்றியம், கடோலினியம், நியோடிமியம் போன்ற அருமண் உலோகங்களைச் சிறிதளவு சேர்த்தால் பளிங்குகள் ஒரே பக்கம் வரிசைகட்டுவது தளர்ந்து, இழுவைக்கும் நெருக்கலுக்கும் உள்ள இடைவெளி குறைகிறது. விலை கூடும் என்பது உண்மை. பாதுகாப்போடு சம்பந்தப்பட்ட பாகத்துக்கு அந்த விலையைக் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

தொடரின் அடுத்த பகுதியில் அட்டவணையைத் திருத்திப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். இழுவைக்கு ஒரு நிரல், நெருக்கலுக்கு ஒரு நிரல், மாதிரி எந்தத் திசையில் வெட்டப்பட்டது என்பதற்கு ஒரு நிரல், அப்புறம் களைப்புக்குத் தனியாக ஒன்று. இடம் போதாவிட்டால் படத்தைச் சிறிதாக்கலாம். மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் உலோகங்கள் போன்ற மூலப்பொருட்களுக்கென்றே ஒரு பொறியியல் துறை இருக்கிறது. அங்கே படிக்கும் தமிழ் மாணவர்களிடம் கேட்டால் விருப்பத்தோடு எழுதித் தருவார்கள். உயர்தரத்தில் தொழினுட்பம் படிக்கும் பிள்ளைகள் உங்கள் பக்கத்தை வெட்டி வைத்துக்கொள்கிறார்கள் என்பதால்தான் இதைக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகர்,
கொழும்பு 6