ஃபிடிலுக்கு மைக் எங்கே வைப்பது? எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மார்கழி நெருங்குகிறது. சபாக்காரர்கள், கோயில் கமிட்டிக்காரர்கள், கல்யாண வீட்டுக்காரர்கள் என்று கச்சேரிக்கு மைக்செட் சொல்ல வருகிற எல்லோரிடமும் வாயால் சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தை இந்தத் தடவை எழுதியே கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கச்சேரி நடுவில் எங்கள் பையனிடம் யாராவது எழுந்து வந்து அதிகம் சொல்வது, "ஃபிடில் கேட்கவே இல்லைப்பா, கொஞ்சம் ஏத்து" என்பதுதான். ஏற்றினால் கூவும் (ஸ்பீக்கர் சத்தமே மறுபடி மைக்குக்குள் புகுந்து ஊளையிடும்). கூவியதும் குறைக்கச் சொல்வார்கள். குறைத்தால் மறுபடி கேட்காது. இந்தச் சுற்றிலிருந்து வெளியே வர மிக்சரில் எந்தப் பட்டனும் இல்லை, மைக் நிற்கும் இடத்தை மாற்றினால்தான் உண்டு.

முதலில் வாத்தியம் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். மேற்கத்திய பாணியில் ஃபிடிலைத் தோளுக்கும் தாடைக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு வாசிப்பதால் அதன் மேல்பலகை கூரையைப் பார்க்கும். அவர்கள் மைக்கை மேலிருந்து இறக்குவது அதற்குப் பொருத்தம். நம் வித்வான் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரு முனையை மார்பிலும் தோளிலும் சாய்த்து, தலைப்பக்கத்தை வலது காலில் ஊன்றிக்கொள்கிறார். இடது கை வாத்தியத்தைத் தாங்க வேண்டிய வேலையே இல்லாமல் கமகத்துக்கு (ஸ்வரத்தை அசைத்து வளைப்பதற்கு) மேலும் கீழும் ஓட வேண்டும் என்பதற்காக. அப்போது மேல்பலகை முன்பக்கம் திரும்பி, சற்றே மேல்நோக்கி நிற்கிறது. ஆகவே வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து உச்சந்தலைக்கு மேலே மைக் கட்டச் சொன்னால், தயவுசெய்து கேளுங்கள், அது நம் கச்சேரிக்கு ஒத்து வராது.

ஃபிடிலின் நாதம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. சுமார் 500 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 500 அதிர்வுக்கு) கீழே உள்ள தடித்த ஒலி எல்லாப் பக்கமும் பரவும். அதற்கு மேலே போகப் போக, ஸ்வரத்துக்குப் பளிச்சென்ற தெளிவு தருகிற பகுதி, மேல்பலகை பார்க்கும் திசையில்தான் அதிகம் வரும். அதனால் பின்பக்கமோ ஒதுக்குப்புறமாகப் பக்கவாட்டிலோ வைத்த மைக்கில் போர்வைக்குள் வாசிப்பது போல இருக்கும். எஃப் எழுத்து வடிவ ஓட்டைக்கு வாயோடு வாய் வைத்தால் வேறு தொல்லை. பானை வாயில் ஊதினால் 'ஊம்' என்று ஒன்று எழும் அல்லவா, அதே போல வாத்தியத்துக்குள் இருக்கும் காற்றும் 270, 280 ஹெர்ட்ஸ் பக்கத்தில் தானாக அதிரும். அந்த ஒரு ஸ்வரம் மட்டும் வீங்கிக் கேட்கும், மைக் முதலில் கூவுவதும் பெரும்பாலும் அங்கேயேதான். பிரிட்ஜை, அதாவது தந்திகளைத் தாங்கி நிற்கும் சின்ன மரத்துண்டை, ஒட்டி வைத்தால் வில் உரசும் கரகரப்பு மேலே வந்துவிடும். கீழே கால் பக்கம் வைத்து நிமிர்த்திவிடுவது நம் ஊரில் நிறைய நடக்கிறது, மேடை அழகாக இருக்கிறது என்று. ஆனால் அந்த மைக்குக்கு முதலில் கேட்பது விரல்கள் தந்தியில் வழுக்குகிற சத்தம். வித்வான்கள் விரலில் எண்ணெய் தொட்டுக்கொண்டு வாசித்தாலும் அது முழுக்கப் போகாது.

சரி, பின்னே எங்கேதான் வைப்பது? மேல்பலகைக்கு எதிரே, முன்பக்கத்திலிருந்து, சற்று மேலே தூக்கி, பிரிட்ஜுக்கும் எஃப் ஓட்டைக்கும் நடுவில் பார்க்கும்படி. தூரம் ஒரு சாணுக்குக் குறையாமல், ஒரு முழத்துக்கு மிகாமல். ஸ்டாண்டை நிறுத்துவதற்கு முன் வித்வானிடம் நான்கு தந்தியிலும் அடியிலிருந்து நுனி வரை முழு வில் போடச் சொல்லுங்கள். வில் ஏறக்குறைய 74, 75 சென்டிமீட்டர் நீளம். வில்லின் அடிப்பாகம் தந்திக்கு வரும்போது நுனி மறுபக்கம் எவ்வளவு தூரம் நீட்டிக்கொண்டு நிற்கிறது என்பது வாசிக்காதவர்களுக்குத் தெரிவதில்லை. அந்த வீச்சுக்குள் மைக் இருந்தால் துரித காலத்தில் வித்வான் கையை ஒடுக்கிக்கொண்டு வாசிப்பார். அதை மிக்சரில் சரி செய்ய யாராலும் முடியாது.

சாணா முழமா என்பதுதான் உண்மையான கேள்வி. முழத்திலிருந்து சாணுக்கு வந்தால், அதாவது தூரம் பாதியானால், மைக்குக்குக் கிடைக்கும் ஒலி 6 டெசிபெல் (ஒலியை அளக்கும் அளவு) கூடும். மிக்சரில் ஒலியை ஏற்றி இறக்கும் ஃபேடரைத் தொடாமல், கூவுகிற ஆபத்தைக் கூட்டாமல் கிடைக்கும் 6 டெசிபெல் அது. கல் மண்டபத்தில், பக்கத்திலேயே மிருதங்கமும் கடமும் ஒலிக்கிற மேடையில், நான் சாண் பக்கம்தான் போவேன். ஆனால் அதற்கு விலை உண்டு. லயித்து வாசிக்கும் வித்வான் அரைச் சாண் பின்னால் சாய்ந்தால், சாண் தூரத்து மைக்கில் ஏறக்குறைய மூன்றரை டெசிபெல் இறங்கிவிடும்; முழ தூரத்து மைக்கில் அதே சாய்வுக்கு இரண்டு டெசிபெல்கூட இறங்காது. நாதமும் முழத்தில் இன்னும் முழுசாக இருக்கும், மரம் பேசுவது கேட்கும். சின்ன ஹால், திரைச்சீலை போட்ட சுவர், அமைதியான ரசிகர்கள் என்றால் முழம் வரை தாராளமாகப் போகலாம்.

இடத்தைக் கண்டுபிடிக்க நான் செய்வது ஒன்று உண்டு, நீங்களும் செய்து பார்க்கலாம். வித்வானை மோகனத்தில் நிதானமாக இழுத்து வாசிக்கச் சொல்லிவிட்டு, எதிரே மண்டியிட்டு, ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு, மறு காதை மைக் வைக்கப்போகும் உயரத்துக்கு இறக்கி மெல்ல இப்படியும் அப்படியும் நகருங்கள். நாலு விரற்கடை நகர்ந்தாலே குணம் மாறுவது தெரியும். ஓர் இடத்தில் மூக்கடைத்தது போல, அடுத்த இடத்தில் கீச்சென்று, நடுவில் ஓர் இடத்தில் கீழ் ஷட்ஜமும் மேல் பஞ்சமமும் ஒரே பருமனில். அந்த இடத்தில் உங்கள் காது எங்கே இருந்ததோ அங்கே மைக். எப்படிப்பட்ட மைக்காக இருந்தாலும் இதே வழிதான்.

போன பங்குனியில் ஒரு கோயில் உற்சவம், வாய்ப்பாட்டுக் கச்சேரி. சாயங்காலம் 4 மணிக்கே எல்லாம் பார்த்து, ஃபிடில் மைக்கை ஒன்றேகால் சாணில் நிறுத்தி, ஸ்டாண்டுக்கு அடியில் மடித்த துண்டு போட்டு (பலகை மேடையில் யாராவது நடந்தாலே ஸ்டாண்டு வழியாகத் திம் திம் என்று ஏறும், பாடுபவர் தொடையில் போடும் தாளம்கூட ஏறும்), நிம்மதியாக இறங்கினோம். கச்சேரி தொடங்குவதற்குச் சற்று முன் வீடியோ எடுக்க வந்தவர், வித்வானின் விரல்களை மைக் மறைக்கிறது என்று அதை இரண்டு முழம் அப்பால் தள்ளி வைத்துவிட்டார். எங்களுக்குத் தெரியாது. வர்ணத்தில் ஃபிடிலே இல்லை, பையன் ஏற்றினான், ஆலாபனையில் பாடகி ஒரு சங்கதியை முடித்து, ஃபிடில் அதை நிழல் போலத் தொட்டு எடுக்க வேண்டிய அந்த நொடியில் மண்டபமே அதிர ஓர் ஊளை. அந்த வித்வான் வில்லை மடியில் வைத்துவிட்டு எங்களைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. வயதானவர், அன்றைக்கு அருமையாக வாசித்துக்கொண்டிருந்தார். அதனால்தான் கேட்டுக்கொள்கிறேன்: நிறுத்திய மைக்கை எங்களைக் கேட்காமல் யாரும் நகர்த்த வேண்டாம். படத்தில் மறைக்கிறது என்றால் முன்னாலேயே சொல்லுங்கள், கிளிப் மைக் கொண்டுவருகிறோம்.

கிளிப் மைக் வாத்தியத்தின் விளிம்பிலேயே மாட்டிக்கொள்வது, வளையும் கழுத்து இருக்கும், வித்வான் எவ்வளவு ஆடினாலும் தூரம் மாறாது. வில் போகாத பக்கமாக வளைத்து, பலகையிலிருந்து நாலைந்து விரற்கடை உயரத்தில் நிறுத்த வேண்டும். அவ்வளவு கிட்டே என்பதால் சற்றே இறுகிய நாதம்தான் வரும், ஆனால் கூவல் பயம் வெகுவாகக் குறையும். அதற்கு மிக்சரிலிருந்து 48 வோல்ட் போக வேண்டும், அதைப் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. மாட்டுவது மட்டும் வித்வான் கையாலேயே நடக்கட்டும். தலைமுறையாக வந்த வாத்தியத்தின் வார்னிஷில் எங்கள் கை படுவதை நாங்கள் விரும்புவதில்லை.

சில வித்வான்கள் பிரிட்ஜில் ஒட்டும் கான்டாக்ட் மைக்கோடு வருகிறார்கள். மரத்தின் அதிர்வை நேரே எடுப்பதால் பக்கத்து வாத்தியம் நுழையாது, ஆனால் கொஞ்சம் மூக்கால் பாடுவது போல இருக்கும். அதையும் ஸ்டாண்டு மைக்கையும் ஒன்றாகக் கலந்து ஹாலுக்கு அனுப்பாதீர்கள். ஸ்டாண்டு மைக்குக்கு ஒலி காற்றில் வந்து சேர வேண்டும்; 34 சென்டிமீட்டர் கடக்க ஒரு மில்லிசெகண்ட் (நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஆகிறது. அந்தத் தாமதத்தோடு இரண்டும் சேர்ந்தால் 500 ஹெர்ட்ஸ், 1500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகச் சில இடங்கள் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும், நாதம் பொந்து விழுந்தது போல ஆகிவிடும். நாங்கள் செய்வது, கான்டாக்ட் மைக்கை மேடை மானிட்டருக்கும் (வித்வான்கள் கேட்பதற்காக மேடையிலேயே வைக்கும் ஸ்பீக்கர்), காற்றில் கேட்கும் மைக்கை ஹாலுக்கும் பிரித்து அனுப்புவது. வித்வானுக்குத் தன் சுருதி தெளிவாகக் கேட்கும், ரசிகர்களுக்கு மர நாதம் போகும்.

மானிட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. "ஃபிடில்காரருக்குக் கேட்கலையாம்" என்று அதை அவர் மடிக்குப் பக்கத்தில் தள்ளிவிடாதீர்கள். முன்பக்கத்தையே அதிகம் கேட்கும் சாதாரண கார்டியாய்டு மைக்குக்கு நேர் பின்பக்கம்தான் செவிடு, அதைவிடக் குறுகலாகக் கேட்கும் சூப்பர் கார்டியாய்டு என்றால் பின்பக்கத்திலிருந்து சற்று விலகி இரு ஓரமும் செவிடு. மானிட்டர் அந்தச் செவிட்டுப் பக்கத்தில் நின்றால்தான் பிழைத்தோம். அப்புறம், ஃபிடில் என்பதே ஒரு மெல்லிய மரப்பெட்டி, மானிட்டர் சத்தத்துக்கு அதுவே அதிரும். மானிட்டரில் எல்லா வாத்தியத்தையும் கொட்டாமல் பாட்டும் தம்புராவும் கொஞ்சம் ஃபிடிலும் போதும்.

இரட்டை ஃபிடில் என்றால் ஆளுக்கு ஒரு மைக். மைக்குக்கும் வாத்தியத்துக்கும் ஒரு முழம் என்றால் இரண்டு மைக்குக்கும் நடுவில் மூன்று முழமாவது இருக்கட்டும்.

மேடை போடும்போதே அந்த இடத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். புக் செய்யும்போது எத்தனை ஃபிடில், வித்வானிடம் சொந்த மைக் உண்டா, கல் மண்டபமா ஹாலா, வீடியோ உண்டா என்று நாலு விவரம் சொல்லிவிடுங்கள். கச்சேரிக்கு முன்னால் அரை மணி நேரம் வித்வானை மேடையில் உட்கார வையுங்கள். கிளிப் மைக்குக்கோ அந்த அரை மணி நேரத்துக்கோ தனியாகக் காசு கேட்க மாட்டோம்.

அன்புடன்,
உங்கள் மைக்செட் கடையிலிருந்து