புல்வெளியையும் காட்டுக் கணக்கில் சேருங்கள்: தமிழ்நாடு வனத்துறைக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய முதன்மைத் தலைமை வனப் பாதுகாவலர் அவர்களுக்கும் வனத்துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம். பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022-இல் தொடங்கப்பட்டபோது, மாநிலத்தின் பசுமைப் பரப்பை 23.7 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காடாக உயர்த்துவதே இலக்கு என்று அறிவிக்கப்பட்டது. அந்த இலக்கோடு எனக்குப் பிணக்கு எதுவும் இல்லை. சமவெளியில் ஏரிக்கரை, சாலையோரம், தரிசு நிலம் என்று மரம் நட வேண்டிய இடங்கள் ஏராளமாக உள்ளன. நீலகிரி, பழனி மலைகளின் உயர்ந்த பகுதிகளில் இந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதைப் பற்றியே கீழ்பவானிப் பாசனத்தை நம்பி வாழும் விவசாயி என்ற முறையில் எழுதுகிறேன்.

நாட்டின் வனநிலை அறிக்கையில், ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் மரங்களின் கவிகை, அதாவது மேலிருந்து நிலத்தை மூடும் இலைப்பரப்பு, பத்து விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் அது வனப்பரப்பாகப் பதிவாகிறது. அங்கே நிற்பது எந்த மரம் என்ற கேள்வி எழுவதில்லை. இந்த அளவுகோலின்படி, சீகை (வாட்டில்) என்னும் அந்நிய மரம் மண்டிய சரிவு காடாகிவிடுகிறது. அதே சரிவில் சீகை வருவதற்கு முன் இருந்த புல்வெளியோ, வரையாடு மேய்ந்த நிலமாக இருந்தாலும், பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குறிஞ்சி பூத்த நிலமாக இருந்தாலும், வனப்பரப்பில் இடம் பெறுவதில்லை. வரையாட்டை மாநில விலங்காக வைத்துப் போற்றும் நாம், அது மேயும் நிலத்தைக் கணக்கில் வெற்றிடமாக வைத்திருப்பது பொருந்துகிறதா?

சுமார் 1,800 மீட்டருக்கு மேல் இயற்கை அமைத்திருப்பது சோலையும் புல்வெளியும் சேர்ந்த ஒரே அமைப்பு. மலை மடிப்புகளில், ஓடை பிறக்கும் இடங்களில், குட்டையான மரங்கள் நெருங்கி நிற்கும் சோலை இருக்கும். திறந்த முகடுகளிலும் சரிவுகளிலும் புல் இருக்கும். பனிமூட்டம் படியும் காலையில் ஒரு புற்கொத்தை விலக்கிப் பார்த்தால், தாள்களின் வழியே இறங்கிய ஈரம் அடித்தூரில் தேங்கி, கறுத்த மண் விரலில் ஒட்டும். சோலைக்குள் போனால் மக்கிய இலைப்படுகையில் கால் புதையும். மழைநீர் பெய்த அன்றே முழுவதும் ஓடிவிடாமல், இந்த மண்ணுக்குள் இறங்கி, பள்ளங்களில் உள்ள சதுப்புகளில் தங்கி, மெல்லக் கசிந்து ஓடைகளுக்கு வருகிறது. மேல் பவானியில் தொடங்கும் ஆறும், உதகைப் பீடபூமியின் நீரைக் கொண்டுவரும் மாயாறும் பவானிசாகரில் சேர்கின்றன. அணைக்குக் கீழே 2,07,000 ஏக்கர் கீழ்பவானி ஆயக்கட்டு இருக்கிறது. கொடிவேரி, காளிங்கராயன் வாய்க்கால்களின் பாசனம் அதற்கு மேல்.

இந்தப் புல்வெளிகளை ஆங்கிலேயர் வீண் நிலமாகக் கண்டனர். விறகுக்காகச் சீகையும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) 1840-களில் நீலகிரிக்கு வந்தன. விடுதலைக்குப் பின் நம் அரசே, தோல் பதனிடும் பட்டைக்காகவும் செயற்கை இழை ஆலைகளுக்கான கூழ்மரத்துக்காகவும், அவற்றைப் பரந்த அளவில் நட்டது. அன்றைய தேவை அது. இன்று அந்த அதிகாரிகளைக் குறைகூறிப் பயனில்லை. ஆனால் விளைவை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். நீலகிரியின் கிளன்மார்கனில் புல்வெளியைக் கற்பூரத் தோட்டமாக மாற்றிப் பார்த்த ஆய்வில், நட்டதிலிருந்து முதல் வெட்டு வரையிலான சுற்றிலேயே ஓடைக்கு வரும் நீர் 16 விழுக்காடு குறைந்தது. பழனி மலையில் 1973-க்குப் பிந்தைய நாற்பது ஆண்டுகளில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு மறைந்ததைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது.

அந்நிய மரங்களை அகற்றச் சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை அறிவுறுத்தியுள்ளது. 2022-இல் அரசும் இதற்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. இனி எப்படி அகற்றுவது என்பதில்தான் நிதானம் தேவை. சீகை விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். நெருப்பும் வெயிலும் பட்டால் கொத்துக் கொத்தாக முளைக்கும். ஒப்பந்ததாரர் ஒருமுறை வெட்டி லாரியில் ஏற்றிவிட்டுப் போனால், இரண்டு மழைக்குள் முன்னிலும் அடர்த்தியாக நிற்கும். ஆகவே, புல்வெளிக்குள் இப்போதுதான் நுழைந்துகொண்டிருக்கும் இளங்கன்றுகளை முதலில் பிடுங்குங்கள். செலவும் குறைவு, மீளும் நிலமும் அதிகம். பழைய தோட்டங்களில் அவசரம் வேண்டாம். பழனி மலையின் முதிர்ந்த சீகை நிழலில் பல இடங்களில் சோலைக் கன்றுகள் தாமாகவே எழுந்துள்ளன. அங்கே மொத்தமாக வெட்டாமல் சிறிது சிறிதாகக் கலைப்பதே நல்லது.

முளைப்பவற்றை ஆண்டுதோறும் பிடுங்க ஆட்கள் வேண்டும். அந்த வேலையை ஒப்பந்தப்புள்ளி வழியாக வெளியூர் நிறுவனங்களுக்கு விடாமல், தோடர் பழங்குடியினரின் ஊர்களான மந்துகளையும் அருகிலுள்ள பழங்குடிக் குடியிருப்புகளையும் சேர்ந்தவர்களுக்கு நிலையான ஊதியத்துடன் கொடுங்கள். எந்தப் புல் கோயில் கூரைக்கு ஆகும், எது எருமைக்கு ஆகும் என்று பிரித்தறிந்த மக்கள் அவர்கள். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும் கிராம சபைகளுக்குக் காட்டைக் காக்கும் பொறுப்பை அளித்திருக்கிறது.

வெட்டிய சீகை மரத்தின் விற்பனைத் தொகை பொதுக் கணக்கில் கரைந்துபோகாமல் அதே சரிவின் பத்தாண்டுப் பராமரிப்புக்கு ஒதுக்கப்பட வேண்டும். நீலகிரி, கொடைக்கானல் கோட்டங்களில் மீதமிருக்கும் புல்வெளிகளை வட்டம் வாரியாக வரைபடமாக்கி, மரம் நடக்கூடாத நிலம் என்று அறிவித்து, 33 விழுக்காட்டுக் கணக்கில் அவற்றைத் தனிப் பத்தியாகச் சேர்த்து, அடுத்த நடவுப் பருவத்துக்கு முன் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கீழ்பவானி ஆயக்கட்டு விவசாயி ஒருவன்