ஆடாத விளையாட்டுகளுக்கு மதிப்புரை: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, மாடிப்படி ஏறி வந்திருக்கும் மற்ற உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

தொட்டுக்கூடப் பார்க்காத வீடியோ கேமுக்கு, பத்து வருடம் அதிலேயே கிடந்தவர் தோரணையில் மதிப்புரை எழுதுவது நம் சங்கத்தின் ஒரே வேலை. இந்த ஆண்டும் சங்கத்தில் எந்த விளையாட்டும் ஆடப்படவில்லை என்பதை மகிழ்ச்சியுடன் பதிவு செய்கிறேன். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வருகைப் பதிவேடு மேசைமேல் இருக்கிறது, வேண்டியவர்கள் புரட்டிக்கொள்ளலாம். வந்த மதிப்புரைகளில் பாதிக்கு மேல் ஏன் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை என்று பார்த்ததுதான் ஆண்டின் பெரிய வேலை. ஆகவே இந்த அறிக்கையில் அதற்கே அதிக இடம்.

முதலில் சான்று விதி. ஆடவில்லை என்பதற்காக வாய்க்கு வந்ததை எழுதலாம் என்று சிலர் நினைத்துவிட்டார்கள். டெட்ரிஸ் பற்றி வந்த ஒரு மதிப்புரை, “மேலிருந்து டிராகன்கள் விழுகின்றன” என்று தொடங்கியது. கூட்டத்தில் இருமல் சத்தம் மட்டும் கேட்டது. டெட்ரிஸில் டிராகன் இல்லை என்பது நமக்குத் தெரியும், எழுதியவருக்கும் தெரியும். அப்புறம் எங்கே சிரிப்பது? திருப்பி அனுப்பினோம். 1984இல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் எழுதிய விளையாட்டு அது. முதலில் ஓடிய எலெக்ட்ரோனிகா 60 கணினியில் படம் வரையவே வழியில்லை. சதுர அடைப்புக்குறிகளை வைத்துத்தான் மேலிருந்து விழும் கட்டைகளைக் காட்டினார். ஏழு வடிவங்கள், ஒவ்வொன்றிலும் நான்கு சதுரங்கள். இந்தத் தகவல்களை மட்டும் கையில் கொடுத்து, கட்டட மேஸ்திரியின் கண்ணால் பார்த்து எழுதச் சொன்னோம். இரண்டாம் வரைவு இப்படி வந்தது:

“கல் ஏழு தினுசில் இறங்குகிறது. நேர்க்கட்டை ஒரே தினுசுதான், அதுவும் கேட்கிற நேரத்துக்கு வராது. வந்த லோடைத் திருப்பி அனுப்ப முடியாது. சந்து விடாமல் ஒரு வரிசையைக் கட்டி முடித்தால் அந்த வரிசையே காணாமல் போகிறது. ஓட்டை விட்டுக் கட்டியது மட்டும் அப்படியே நிற்கிறது. உச்சி தொட்டதும் வேலை நிறுத்தம். கான்ட்ராக்டர் யார் என்று கடைசிவரை சொல்லவில்லை. பத்துக்கு 4, கட்டைக்கு எத்தனை சதுரமோ அத்தனை.”

இதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. இது வீடு கட்டும் வேலை என்ற ஒரே ஒரு நினைப்புதான் தவறு. அந்த ஒரு தவறின்மேல் மெய்யான தகவல்களை அடுக்கிக்கொண்டே போனால் சிரிப்பு தானாக வருகிறது. தவறு இரண்டாகிவிட்டால் வாசிப்பவர் எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் விட்டுவிடுகிறார். மேஸ்திரியாகத் தொடங்கி நடுவில் ஜோதிடராக மாறிய மூன்று மதிப்புரைகள் இந்தக் காரணத்தால்தான் தள்ளுபடியாயின.

எவை சான்று என்பதிலும் தகராறு வந்தது. செயற்குழு முடிவு இது: டப்பாவின் முன் அட்டை, பின் அட்டை, கையேடு, கடைப் பக்கத்தில் உள்ள விவரம், குறைந்தபட்சக் கணினித் தேவை, ஆடுபவர் பெறக்கூடிய சாதனைப் பட்டங்களின் பட்டியல், விளையாட்டில் செய்த மாற்றங்களைச் சொல்லும் திருத்தக் குறிப்புகள் ஆகியவை செல்லும். பிறர் ஆடும் காணொளி செல்லாது. அதைப் பார்த்துவிட்டால் கை தானாகவே சரியாக எழுத ஆரம்பித்துவிடும், பிறகு அது சாதாரண விமர்சனம். முன்னோட்டக் காணொளியை ஒலியை அணைத்துவிட்டுப் பார்க்கலாம். பின்னணிக் குரல்தான் கதையை ஒப்பித்துவிடுகிறது, படங்கள் மட்டும் ஓடினால் யார் யாரை எதற்கு அடிக்கிறார்கள் என்று விளங்காது. நமக்கு வேண்டியதும் அதுதான்.

அளவு 250 முதல் 300 சொல். குறைந்தது ஐந்து மெய்த்தகவல். அவற்றில் ஒன்றாவது எண்ணாக இருக்க வேண்டும். மைல், மணி, ஜிபி எதுவானாலும் சரி. “மிகப் பெரிய விளையாட்டு” என்றால் யாரும் அசைவதில்லை. “பேல்டர்ஸ் கேட் 3 வைக்க 150 ஜிபி காலி இடம் வேண்டும் என்கிறார்கள், கதாநாயகர் வந்து தங்குவதற்கு முன் நம் வீட்டுக் கல்யாண ஆல்பம் வெளியே போக வேண்டும்” என்றால் அசைகிறார்கள். கடைசியில் மதிப்பெண்ணும் அதற்கு ஒரு காரணமும் கட்டாயம். காரணம் எவ்வளவு அற்பமோ அவ்வளவு நல்லது.

எந்த விளையாட்டை எடுப்பது என்பதில் பலர் சறுக்குகிறார்கள். வாசிப்பவர் ஆடியிருக்க வேண்டும், எழுதுபவர் ஆடியிருக்கக் கூடாது. இந்த இடைவெளிதான் நமக்கு மூலதனம். இருவருக்குமே தெரியாத விளையாட்டு என்றால் அது வெறும் செய்தி. இன்னொன்று, “இந்த விளையாட்டுகளே நேர விரயம், கண் கெடும்” என்று எழுதுவது மதிப்புரை ஆகாது. அது வீட்டுப் பெரியவர்களின் துறை, அவர்கள் நன்றாகவே செய்கிறார்கள்.

சிறந்தவை என்று குழு தேர்ந்தவற்றில் முதலாவது டெசர்ட் பஸ். பென், டெல்லர் என்ற அமெரிக்க மாயவித்தை இரட்டையருக்காக 1990களின் நடுவில் சேகா சிடி என்ற விளையாட்டுக் கருவிக்குத் தயாராகி, கடைக்கு வராமலே போன தொகுப்பில் இது ஒரு பகுதி. டூசானிலிருந்து லாஸ் வேகஸுக்கு ஒரு பேருந்தை ஓட்ட வேண்டும். வேகம் மணிக்கு 45 மைலுக்கு மேல் போகாது. நிஜமாகவே எட்டு மணி நேரம் ஓட்ட வேண்டும், நடுவில் நிறுத்தி வைக்க வசதி கிடையாது. பொத்தானை அழுத்தி எதையாவது கட்டிவைத்துவிட்டுப் போய்விடலாம் என்றால் முடியாது, வண்டி கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். சாலையை விட்டு இறங்கினால் இழுவை வண்டி வந்து டூசானுக்கே கொண்டுபோய் விடும், அதுவும் அதே நிஜ நேரக் கணக்கில். இதற்கு வந்த மதிப்புரை நடத்துநர் பார்வையில் எழுதப்பட்டது:

“சுமார் 580 கிலோமீட்டர் ரூட்டுக்கு ஒரே டிரைவர். பயணி இல்லை, கலெக்‌ஷன் இல்லை, டீக்கு நிறுத்தவில்லை. வலப்பக்கம் இழுக்கும் வண்டியை அலைன்மென்ட் பார்க்காமல் டெப்போவிலிருந்து விட்டிருக்கிறார்கள். போய்ச் சேர்ந்ததும் பேட்டா 1 பாயின்ட். அதே வண்டியைத் திருப்பி ஓட்டி வந்தால் இன்னொரு பாயின்ட். சங்கத்தில் புகார் கொடுக்க வேண்டிய விஷயம். பத்துக்கு 8, ரோடு நன்றாக இருக்கிறது.”

விளையாட்டே கேலியாகச் செய்யப்பட்டிருக்கும் இடத்தில் எழுதுபவர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும். இந்த விளையாட்டை வைத்து 2007 முதல் ஆண்டுதோறும் குழந்தைகளுக்காக நிதி திரட்டுகிறார்கள் என்பதையும் சேர்க்கலாமா என்று கேட்டார்கள். சேர்த்தால் மதிப்புரையின் தொனி கெடும், அதனால் இந்த அறிக்கையில் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது ஃபார்மிங் சிமுலேட்டர். 2008இல் தொடங்கிய வரிசை, சுவிட்சர்லாந்து நிறுவனம் செய்வது. உழவு, விதைப்பு, அறுவடை, டிராக்டரின் பின்னால் எதை மாட்டுவது எல்லாம் துல்லியம். கடன் வாங்க ஒரு பொத்தான், திருப்பிக் கட்ட இன்னொரு பொத்தான். “சிட்டா கேட்கவில்லை, அடங்கல் கேட்கவில்லை, ஜாமீன்தாரரைக் கூட்டிவரச் சொல்லவில்லை. டிராக்டர் வரைக்கும் நம்பினேன். இதற்குப் பிறகு இது மாயாஜாலக் கதை என்று புரிந்துகொண்டேன்” என்று எழுதியிருந்தார் உறுப்பினர். இதைவிடச் சுருக்கமாக அந்த விளையாட்டைச் சொல்ல முடியுமா என்பது எனக்குச் சந்தேகம்.

அட்டையை மட்டும் பார்த்து எழுதுவதற்கு மெகா மேன் இன்றுவரை நல்ல பாடம். 1987இல் வந்த அந்த விளையாட்டின் அமெரிக்க அட்டையில் நீலமும் மஞ்சளுமாக உடுத்திய நடுவயது ஆள் ஒருவர் கைத்துப்பாக்கியோடு, இடுப்பு பிடித்துக்கொண்டவர் மாதிரி நிற்கிறார். உள்ளே இருப்பதோ நீல நிற ரோபோ பையன். அவன் துப்பாக்கியே பிடிப்பதில்லை, அவன் கைதான் பீரங்கி. இந்த அட்டை எவ்வளவு பேர்பெற்றது என்றால், 2012இல் அதைச் செய்த கேப்காம் நிறுவனமே அந்த அட்டைக்காரரைத் தொப்பையும் வைத்து, ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் டெக்கன் என்ற சண்டை விளையாட்டில் ஓர் ஆட்டக்காரராக இறக்கியது. இத்தகைய அட்டை கிடைத்தால் செய்ய வேண்டியது, அட்டையை முழுதாக நம்புவது. அட்டை மோசம் என்று எழுதினால் முடிந்தது. அதைத்தான் எல்லோரும் எழுதிவிட்டார்களே.

திருத்தக் குறிப்புகளைப் பலர் சீண்டுவதில்லை. அங்கேதான் தங்கம் கிடக்கிறது. ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ் என்ற விளையாட்டில் 2015 வாக்கில் மதுக்கூடங்களைச் சேர்த்தார்கள். உடனே பூனைகள் சாக ஆரம்பித்தன. காரணத்தைத் தேடிப் போனால் இப்படி: குள்ளர்கள் குடிக்கிறபோது தரையில் சிந்துகிறார்கள். பூனை அதன்மேல் நடக்கிறது. பிறகு பூனை வழக்கப்படி காலை நக்கிச் சுத்தம் செய்கிறது. ஒரு நக்கலை ஒரு முழுக் குவளை என்று நிரல் கணக்குப் போட்டுவிட்டது. பூனையின் எடைக்கு அது தாங்குமா? வாந்தி எடுத்துச் செத்தன. (நம் சங்கத்தில் நக்கல் என்றாலே வேறு பொருள் கொள்வதால், இங்கே நாக்கால் செய்வது என்று தெளிவுபடுத்துகிறேன்.) இதற்கு மதிப்புரை எழுதிய உறுப்பினர் தன் பங்குக்கு நான்கு நகைச்சுவை வரிகள் சேர்த்திருந்தார். நான்கையும் வெட்டினோம். தகவலே சிரிக்கும்போது நாம் ஓரமாக நிற்பதுதான் மரியாதை.

தகுதி நீக்கங்கள். நோக்கியா பாம்பு விளையாட்டுக்கு மதிப்புரை எழுத ஒருவருக்கும் அனுமதி கொடுக்க முடியவில்லை. 1997இல் 6110 மாடலில் வந்தது முதல், யார் கையிலாவது வாங்கி ஒரு தடவையாவது ஆடாதவர் நம்மிடையே இல்லை. ஒரு பேருந்துப் பயணம் முழுக்கப் பக்கத்து இருக்கைக்காரரின் போனை எட்டிப் பார்த்ததும் ஆடியதாகவே கொள்ளப்படும்.

வெண்பா விஷயம் இன்னும் சிக்கல். டொராண்டோவில் உருவாகி 2023 ஜூலையில் வந்த விளையாட்டு. 1988இல் கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பம். அம்மாவின் கிழிந்தும் அழிந்தும் போன சமையல் குறிப்பேட்டைப் பார்த்து ஊகித்துச் சமைக்க வேண்டும். அடுத்த ஆண்டு பாஃப்டா என்ற பிரிட்டிஷ் கலை அமைப்பின் முதல் படைப்புக்கான விருதும் பெற்றது. எழுத எட்டுப் பேர் பெயர் கொடுத்தார்கள். முதல் அத்தியாயமே இட்லி. இட்லித் தட்டுகளை அடுக்கும்போது மேல்தட்டின் குழி கீழ்தட்டின் குழிக்கு நேர் மேலே வரக் கூடாது, சற்றுத் திருப்பி வைத்தால்தான் ஆவி சுற்றி வரும், இல்லாவிட்டால் கீழ் இட்லி நசுங்கி மேலே ஒட்டிக்கொள்ளும். இதை வீட்டில் செய்தவர் அந்த விளையாட்டைப் பாதி ஆடி முடித்தவர் என்று செயற்குழு தீர்ப்பளித்தது. எட்டுப் பேரும் தகுதி இழந்தார்கள். இட்லி அவிக்கவே தெரியாது என்று எழுதிக் கொடுத்து ஒருவர் மேல்முறையீடு செய்தார். அது வேறு விவாதமாகப் போய்விட்டதால் ஒத்திவைத்தோம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஒரு குறிப்பு மட்டும் என்னிடமிருந்து. பழைய பொருள் கடையில் காலி கேம் டப்பாக்கள் வாங்கியதில் ஒன்றில் கேம் டிஸ்க்கே இருந்தது. அதை உறையிலிட்டு ஒட்டி, பொருளாளர் பொறுப்பில் கொடுத்திருக்கிறோம். அவர் வீட்டில் அதை ஓட்டும் கருவி இல்லை என்று உறுதி அளித்திருக்கிறார்.

தீராத தீர்மானம் ஒன்று இருக்கிறது. தி ஸ்டான்லி பேரபிள் என்ற விளையாட்டின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பில், ஐந்து வருடம் அதை ஆடாமல் இருந்தால் ஒரு சாதனைப் பட்டம் கொடுக்கிறார்கள். 2022 ஏப்ரலில் வந்த புதிய பதிப்பில் அதைப் பத்து வருடமாக்கிவிட்டார்கள். நமக்கென்றே செய்தது போன்ற பட்டம். ஆனால் கணக்குத் தொடங்குவதற்கு விளையாட்டை ஒருமுறை திறந்து மூட வேண்டும், திறந்தால் உறுப்பினர் பதவி போய்விடும். கணினிக் கடிகாரத்தைப் பத்து வருடம் முன்னே தள்ளிப் பட்டம் வாங்கியவர்கள் வெளியே பலர் உண்டு. நம்மிடம் அது செல்லாது என்பதில் கருத்து வேறுபாடில்லை. சங்கத்துக்கு வெளியே இருக்கும் ஒருவரை வைத்துத் திறந்து மூடச் செய்யலாம் என்று துணைத்தலைவர் முன்மொழிந்திருக்கிறார். இன்றே திறந்தாலும் இன்னும் பத்து வருடம் காத்திருக்க வேண்டும். சந்தாவைப் புதுப்பிக்கும்போது இதற்கும் ஆம், இல்லை என்று எழுதிக் கொடுக்கவும்.

தேநீரும் மெதுவடையும் கீழே தயாராக இருக்கின்றன.

இப்படிக்கு,
செயலாளர்