அஃப்ளுயன்டும் எஃப்ளுயன்டும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். வேலூர் வெயிலைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரே மாதிரி தெரியும் ஆங்கிலச் சொற்களில் பேத்தி தடுமாறுகிறாள் என்று எழுதியிருந்தாய். தயவுசெய்து ஜோடி ஜோடியாக மனப்பாடம் செய்ய வைக்காதே. பரீட்சை முடிந்ததும் மறந்துபோகும். சொல்லின் முன்னால் ஒட்டியிருக்கும் லத்தீன் துண்டைப் பார்க்கச் சொல்.

நம் பாலாற்றையே எடுத்துக்கொள். லத்தீனில் 'ஃப்ளுவெரே' என்றால் பாய்தல். 'அட்' என்றால் நோக்கி, 'எக்ஸ்' என்றால் வெளியே. ஒருவரை நோக்கிச் செல்வம் பாய்ந்தால் அவர் அஃப்ளுயன்ட். வெளியே பாய்கிற கழிவுநீர் எஃப்ளுயன்ட். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் இரண்டையும் சேர்த்தே பார்த்தோமே! தோல் ஏற்றுமதிப் பணம் ஊருக்குள் வந்தது, குரோமியம் கலந்த தண்ணீர் ஆற்றுக்குப் போனது. கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போனது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதே, அந்த வழக்கே இந்த எஃப்ளுயன்டைப் பற்றியதுதான். இதைச் சொல்லிக் கொடு, ஆயுசுக்கும் மறக்க மாட்டாள்.

'அட்' எப்படி 'அஃப்' ஆனது என்று கேட்பாள். கேட்க வேண்டும். கல்லும் சிலையும் சேர்ந்து கற்சிலை ஆகிறதே, அது போன்ற புணர்ச்சிதான். அடுத்து வரும் ஒலிக்கு ஏற்ப முன்துண்டின் கடைசி மெய் மாறிவிடுகிறது. அஃபெக்ட், எஃபெக்ட் பிறந்ததும் இப்படித்தான். வேர் 'ஃபகெரே', செய்தல். ஒன்றைப் பாதிப்பது அஃபெக்ட், செய்ததில் வெளிப்பட்ட விளைவு எஃபெக்ட்.

அப்புறம் பிரிஸ்கிரைப், புரோஸ்கிரைப். 'ஸ்கிரீபெரே' என்றால் எழுதுதல். சி.எம்.சி. டாக்டர் மருந்து எழுதித் தருவது பிரிஸ்கிரைப். மற்றது ஊரறிய எழுதி வைப்பது. கி.மு. 82-ல் ரோமில் சுல்லா என்ற தளபதி தன் எதிரிகளின் பெயர்ப் பட்டியலைப் பொது இடத்தில் வைத்தான். அதில் பெயர் இருந்தவனை யார் வேண்டுமானாலும் கொல்லலாம், சொத்தும் பறிமுதல். இன்று அந்தச் சொல்லுக்குத் தடை செய்தல் என்ற பொருள் நிற்கிறது.

அகராதி வாங்கினால் வேர் விளக்கம் உள்ளதாகப் பார்த்து வாங்கு. ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி வருவாய் அல்லவா, அவளையும் அழைத்து வா. எமினன்ட், இமினன்ட் இரண்டையும் நேரில் பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
உன் நண்பன்