பூனைக்கு வெண்பாவில் இடமில்லை

தண்டையார்பேட்டை
மே மாதம், ஞாயிறு மாலை

அன்புள்ள நண்பா,

கடிதமும் கவிதையும் வந்து சேர்ந்தன. ராயபுரத்து மொட்டை மாடியில் மூன்று கவிஞர்களை உட்கார வைத்துப் பேச விடப்போகிறாய்: புதுக்கவிதை எழுதுபவர் ஒருவர், வெண்பாக்காரர் ஒருவர், கானா கட்டுபவர் ஒருவர். சேர்க்கை எனக்குப் பிடித்திருக்கிறது. நீ எழுதி அனுப்பிய கேள்விகள்தான் பிடிக்கவில்லை. "உங்களுக்கு உந்துதல் எது?" என்று கேட்டால் மூன்று பேரும் அம்மா, கடல், பசி என்று ஆளுக்கொன்று சொல்லிவிட்டு மைக்கைக் கீழே வைத்துவிடுவார்கள். அது பொய்யாக இருக்காது. ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒரு வரியையும் புதிதாகப் படிக்க முடியாது. "வடசென்னை வாழ்க்கை உங்கள் எழுத்தில் எப்படி?" என்ற கேள்வியையும் அடித்துவிடு. கத்தி, கால்வாய், குத்துச்சண்டை என்று வெளியூர்க்காரன் எதிர்பார்க்கும் பட்டியல்தான் வரும். ஏழுகிணறு வீராசாமித் தெருவில் இருந்துகொண்டு, ஒற்றியூர்க் கோயிலுக்குப் போய்ப் போய்ப் பாடிய வள்ளலாரும் வடசென்னைதான். அவர் பெயரை அந்தப் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை.

கேட்க வேண்டியது வேறு. அடித்துத் திருத்திய தாள் எங்கே? எது முதலில் இருந்தது, எது போனது, ஏன் போனது? நீ அனுப்பிய கவிதையை வைத்தே காட்டுகிறேன்.

உப்புக் காற்று சுமந்துவரும் சோகத்தில்
கரையேறிக் கிடக்கின்றன படகுகள்.
அறுபத்தொரு நாள்.
ஐஸ் பெட்டிக்குள்
பூனை குட்டி போட்டிருக்கிறது.
வாழ்க்கை எப்படியும் வழி கண்டுபிடிக்கிறது.

முதல் வரியை எடு. காற்று சோகத்தைச் சுமந்து வருவதை நாம் நூறு கவிதையில் பார்த்தாயிற்று. கடைசி வரியையும் எடு. பூனை செய்து காட்டியதை நீ விளக்கிக்கொண்டிருக்கிறாய். "படகுகள்" வேண்டாம், "படகு" போதும். பெட்டி ஒன்று, பூனை ஒன்று, படகு மட்டும் ஏன் கூட்டமாக நிற்க வேண்டும்? மிஞ்சுவது இது:

கரையேறிக் கிடக்கும் படகு.
அறுபத்தொரு நாள்.
ஐஸ் பெட்டிக்குள்
பூனை குட்டி போட்டிருக்கிறது.

"அறுபத்தொரு நாள்" என்பதற்குப் பதில் "தடைக்காலம்" (மீன்பிடித் தடை) என்று போடலாமா என்று ஓரத்தில் எழுதியிருந்தாய். போடாதே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை என்பது காசிமேட்டில் பொடிசுக்கும் தெரியும். அது மட்டுமில்லை, பூனையின் சினைக்காலமும் ஏறத்தாழ இரண்டு மாதம்தான். படகு கரையேறிய அன்று சினைப்பட்ட பூனை, படகு திரும்ப இறங்கும் சமயத்தில் ஈனும். இதை நீ கணக்குப் பார்த்து எழுதினாயா, தானாக விழுந்ததா? பார், இப்போது என்னிடம் ஒரு கேள்வி இருக்கிறது. உனக்கும் சொல்ல ஏதோ இருக்கும். மேடையில் வேண்டியது இந்த மாதிரிக் கேள்வி.

ஓசையையும் கவனி. பெட்டி, குட்டி: எதுகை. பூனை, போட்டு: மோனை. "போட்டி" என்று காதில் விழுவதும் எதுகை மாதிரி இருக்கும், ஆனால் முதலெழுத்து நெடிலாகிவிட்டதால் வெண்பாக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார். புதுக்கவிதையில் ஓசை இல்லை என்று சொல்பவரிடம் இந்த இரண்டு வரியைக் காட்டு.

வெண்பாக்காரரிடம் இதே பூனையைக் கொடுத்துப் பார். "பூனை" தேமா, அதாவது நேர், நேர் என்று இரண்டு அசை (ஒற்றைக் கணக்கில் எடுக்காமல், ஓரெழுத்து அசை நேர், குறிலில் தொடங்கும் ஈரெழுத்து அசை நிரை). வெண்பாவில் மா முன், அதாவது மாச்சீருக்கு அடுத்து, நிரை வர வேண்டும். "குட்டி" நேரில் தொடங்குகிறது, தளை (சீருக்கும் சீருக்கும் உள்ள கட்டு) தட்டும். ஆசிரியப்பாவில் பூனை குட்டி போடலாம், வெண்பாவில் இடமில்லை. சொல்லைத் திருப்பிப் போட வேண்டும்: "குட்டியைப் பூனை பெறும்." கூவிளம், தேமா, மலர். விளம் முன் நேர், மா முன் நிரை, மூன்று சீரில் மலர் வாய்பாட்டில் முடிகிறது. ஈற்றடிக்குப் பொருத்தம். ஆனால் என்ன ஆயிற்று பார்த்தாயா? "போட்டிருக்கிறது" என்பது நீ நேற்றுப் பெட்டியைத் திறந்து பார்த்த செய்தி. "பெறும்" என்பது உலக வழக்கு. எல்லாப் பூனையும் எப்போதும் பெறும். தளை ஒரு சொல்லை மாற்றியது, சொல் காலத்தை மாற்றியது, காலம் கவிதையையே நீதிப்பாடல் பக்கம் தள்ளிவிட்டது. அவரிடம் கேட்க வேண்டியது அதுதான்: "தளைக்காக நீங்கள் விட்டுக்கொடுத்த சொல் எது? அதைவிட நல்ல சொல்லைத் தளையே கொண்டுவந்து கொடுத்தது உண்டா?" ஈற்றடியை முதலில் எழுதிவிட்டு மேலே ஏறுகிறாரா என்றும் கேள். அப்படி எழுதுபவர்களுக்குத் தனிச்சொல் இருக்கும் இரண்டாம் அடியில்தான் மூச்சு வாங்கும்.

கானாக்காரரிடம் தாள் கேட்டு நிற்காதே. நிறையப் பேர் எழுதுவதே கிடையாது, வாயில்தான் கட்டுவார்கள். போனில் பதிந்து வைத்த பழைய பாட்டு இருக்கிறதா என்று கேள், அதுதான் அவர்களுடைய வரைவு. தொகையறாவை (பாட்டுக்கு முன்னால் இழுத்துப் பாடும் வரிகள்) தாளமில்லாமல் ஒரு தரம், பிறகு அதே இரண்டு வரியைத் தாளத்தில் ஒரு தரம் பாடச் சொல். எந்தச் சொல் நீள்கிறது, எது விழுங்கப்படுகிறது என்று கூட்டத்துக்கே தெரியும். மரண கானா பாடுபவராக இருந்தால் இன்னொரு கேள்வி: இறந்தவர் பெயர் மூன்றெழுத்தாக இருந்தால் சரி, ஆறெழுத்தாக வந்தால் வரியிலிருந்து எதை எடுப்பீர்கள்? வெண்பாக்காரர் அப்போது நிமிர்ந்து உட்கார்வார். இரண்டு பேருக்கும் ஒரே தொழில் சிக்கல்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கோபப்படுவேன். கானாவைக் கடைசியில் வைக்காதே. கடைசியில் வைத்தால் அது "கலை நிகழ்ச்சி" ஆகிவிடும். விசிலடித்துவிட்டு எழுந்து போவார்கள், அவரிடம் ஒரு கேள்வியும் கேட்க மாட்டார்கள். நடுவில் வை. மற்ற இருவருக்குப் போட்ட அதே நாற்காலி, அதே நேரம்.

மொத்தம் இரண்டு மணி நேரம்தான். ஆளுக்கு இரண்டே கவிதை, 25 நிமிடம், மீதி கூட்டத்துக்கு. கவிதையை முதலில் ஒரு தரம் படிக்கட்டும், பேசட்டும், முடிவில் மறுபடி படிக்கட்டும். இரண்டாம் வாசிப்பை நேரமில்லை என்று வெட்டிவிடுவார்கள், விடாதே. பேச்சு பலித்ததா இல்லையா என்பது அதில்தான் தெரியும். படிப்பதற்கு முன் முன்னுரை கிடையாது என்று முன்கூட்டியே சொல்லிவிடு. ஐந்து நிமிடம் பின்னணி கேட்ட காது கவிதையைக் கேட்காது, பின்னணி எங்கே வருகிறது என்று தேடிக்கொண்டிருக்கும். முன்னோடிகள் பற்றிக் கேட்டால் பத்துப் பெயர் வரும். "யார்" என்று கேட்காமல் "எந்த வரி" என்று கேள், அந்த வரியைச் சொல்ல வை. குறுந்தொகை 40, 41 இரண்டையும் எழுதியவர்களுக்குப் பெயரே தங்கவில்லை. செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார் என்று அவரவர் உவமைதான் பெயராக நிற்கிறது. 40ஐ எடுத்துப் பார், ஐந்தே அடி. உவமை வருகிற நான்காம் அடி மட்டும் மூன்று சீர், ஒரு சீர் குறைவு. உவமை அங்கே தனியாகக் காதில் நிற்கிறது.

மரபா புதிதா என்ற சண்டையை யாராவது கிளப்புவார்கள். 1959இல் "எழுத்து" பத்திரிகை வந்த நாளிலிருந்து நடப்பது, உன் மாடியில் தீராது. பூனையைக் காட்டித் திசை திருப்பு.

கவிதையைக் குறுஞ்செய்தியாக வாங்காதே. போன் அகலத்துக்கு வரி மடங்கிவிடும், கவிஞர் உடைத்த இடம் எது, போன் உடைத்த இடம் எது என்று தெரியாது. கைப்பிரதியைப் படமெடுத்து அனுப்பச் சொல். நகல் 14 புள்ளி எழுத்தில், பக்கத்துக்கு ஒரு கவிதை, ஓரத்தில் இடம் விட்டு.

மாடி விஷயம். அக்னி நட்சத்திரம் போகவில்லை, தளம் இருட்டிய பிறகும் சுடும். நாலு மணிக்கே தண்ணீர் ஊற்றிவிடு. சாயங்காலம் கடல் காற்று கிழக்கிலிருந்து வரும். மைக்கில் நேராக அடித்தால் காற்றுதான் பதிவாகும், ஆகவே படிப்பவர் கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து மைக்கை மறைக்கட்டும், மைக்குக்குப் பஞ்சுத் தொப்பி போடு. மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில். நேராகப் பிடித்தால் "பூனை", "பெட்டி", "போட்டு" எல்லாம் வெடிக்கும். கன்டெய்னர் லாரி ஹாரனுக்கு மருந்து இல்லை, நிறுத்திவிட்டு அந்த வரியை முதலிலிருந்து படிக்கச் சொல். அத்தோ (பர்மா நூடுல்ஸ்) வாங்குவதாக இருந்தால் கூட்டம் முடிந்த பிறகு கொடு. முன்னால் கொடுத்தால் முதல் கவிதை தட்டுச் சத்தத்தில் போகும்.

உன் கவிதையை நீ அன்று படிக்காதே. நடத்துகிறவன் படித்தால் மற்ற மூவரும் பாராட்ட வேண்டியதாகிவிடும். அடுத்த கூட்டத்துக்கு வைத்துக்கொள். எத்தனை பேர் வருவார்கள் என்று எழுது, நகல் நான் எடுத்து வருகிறேன். மாடிக்கு நாற்பதுக்கு மேல் தாங்காது என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்